விரிசல் கண்ட குழாய்

மின்சார நிலையம் ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மாணவனை, அங்கே என்ன கண்டாய் என்று கேட்டால், வானளாவ நிற்கும் புகைபோக்கியைச் சொல்லுவான். காது செவிடுபட முழங்கிச் சுழலும் டர்பைனைச் சொல்லுவான். குழாய்களைக் கண்டேன் என்று சொல்லும் மாணவன் அரியன். ஆயினும் நீரை நீராவியாக்கும் பெருந்தொழில் முழுவதும் குழாய்ச் சுவர்களின் வழியாகவே நடைபெறுகிறது. நெய்வேலியிலும் மேட்டூரிலும் உள்ள அனல் மின் நிலையங்களில் நெருப்பு குழாய்க்கு வெளியே இருக்கிறது. நீர் உள்ளே ஓடுகிறது. ஒரு குழாய் வெடித்தால் கொதிகலனை அணைத்து, ஆற வைத்துப் பழுது பார்க்கவேண்டும். அது பொருள் நட்டம். அணுமின் நிலையத்திலோ அதே மெல்லிய சுவருக்குப் பொருளினும் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

உலகிலுள்ள அணு உலைகளில் பெரும்பாலானவை அழுத்த நீர் உலை என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நீர் இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஓடுகிறது. முதற்சுற்றின் நீர் உலையின் நடுவே புகுந்து, முந்நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி வருகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் 155 மடங்கு அழுத்தத்தில் அது அடைபட்டிருப்பதால், அவ்வளவு சூட்டிலும் கொதிப்பதில்லை. அந்நீரில் கதிரியக்கப் பொருள்கள் கலந்திருக்கும். இரண்டாம் சுற்றின் நீர் தூயது. அதுவே நீராவியாகி டர்பைனைச் சுழற்றுவது. இரண்டு நீரும் ஒன்றையொன்று தொடாமல் வெப்பத்தை மாத்திரம் கைமாற்றிக்கொள்ளும் இடத்துக்கு நீராவி ஆக்கி என்று பெயர். அதனுள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. நம் கூடங்குளத்தில் அவை படுக்கைவசமாக அமைந்தவை. ஓர் ஆக்கியில் ஏறத்தாழ பதினோராயிரம் குழாய்கள் உண்டு. அமெரிக்க நாட்டு நிலையங்களிலோ அவை நிமிர்ந்து நின்று, உச்சியில் கொண்டை ஊசிபோல் வளைந்து கீழே திரும்புகின்றன.

அத்தகைய நிலையம் ஒன்று நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்தது. இந்தியன் பாயின்ட் என்பது அதன் பெயர். அதன் இரண்டாம் உலைக்கு நான்கு நீராவி ஆக்கிகள், ஒவ்வொன்றிலும் 3,260 குழாய்கள், ஆக 13,040. ஒரு குழாயின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். சுவரின் கனம் 1.27 மில்லிமீட்டர். நாம் கையில் வைத்துப் புழங்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தை நினைத்துக்கொண்டால் போதும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் மாலை, அந்தப் பதின்மூவாயிரத்தில் ஒன்று உச்சி வளைவில் பிளந்தது. நிமிடத்துக்கு ஐந்நூறு லிட்டருக்கு மேல் முதற்சுற்று நீர் இரண்டாம் சுற்றினுள் பாய்ந்தது. பணியிலிருந்தவர்கள் உலையை நிறுத்தி, பழுதுற்ற ஆக்கியைத் தனிப்படுத்தினார்கள். சுற்றுப்புறத்தில் இயல்பான அளவுக்கு மேல் கதிரியக்கம் காணப்படவில்லை. ஊருக்குத் தீங்கில்லை. ஆனால் நம் கருத்தைக் கவரவேண்டிய செய்தி வேறு. அந்தக் குழாய் சோதிக்கப்படாத குழாய் அன்று. 1997-ஆம் ஆண்டில்தான் கருவிகொண்டு சோதித்து, இன்னும் சில காலம் ஓடலாம் என்று விட்டிருந்தார்கள். சோதித்த குழாய், கணக்கிட்ட குழாய், ஏன் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்தது?

இதற்கு விடை காண, முதலில் நல்ல குழாயின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டாம் வகுப்புக் கணிதமே இதற்குப் போதுமானது. குழாயினுள்ளே 155 மடங்கு, வெளியே ஏறத்தாழ 60 மடங்கு. சுவர் தாங்கவேண்டிய வேறுபாடு 95. இந்த அழுத்தம் குழாயைச் சுற்றுவட்டமாக விரித்துக் கிழிக்கப் பார்க்கிறது. அந்த இழுவிசையை அறிய, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிக் கனத்தால் வகுக்கவேண்டும். ஆரம் பத்தரை மில்லிமீட்டர், கனம் 1.27, வகுத்தால் எட்டுக்குச் சற்று மேல். ஆகவே சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுப்பைத் தாங்குகிறது. அதாவது, சதுர மில்லிமீட்டருக்கு எட்டு கிலோகிராம். நீளவாட்டத்தில் இழுப்பு இதில் பாதிதான். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அழுத்தம் மிகுந்தால் நெடுக வெடிக்குமேயன்றிக் குறுக்கே அறுவதில்லை; அதன் காரணம் இதுவே.

இக்குழாய்கள் நிக்கலைப் பெரும்பங்காகக் கொண்ட ஓர் உலோகக் கலவையால் ஆனவை. அது அறுவதற்குச் சதுர மில்லிமீட்டருக்கு அறுபது கிலோகிராமுக்கு மேல் வேண்டும். அது நெகிழத் தொடங்கிய பிறகு நிகழும் மாறுதல்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், பழுதற்ற குழாய் 650 மடங்கு வளிமண்டல அழுத்தம் வரை வெடிக்காமல் நிற்கும். அன்றாடம் தாங்குவது 95, தாங்கக்கூடியது 650. இத்தனை மிச்சம் இருக்கையில் அஞ்சுவானேன் என்று தோன்றும். அஞ்சவேண்டியது விரிசலுக்கு.

விரிசலைப் பற்றிய கணக்கைத் தொடங்கிவைத்தவர் ஆலன் கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர். கண்ணாடியின் அணுப் பிணைப்பைக் கணக்கிட்டால் அது இருக்கவேண்டிய வலிமையில் ஒரு சிறு பங்குகூட நடைமுறையில் இல்லையே என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1921-இல் வெளியான கட்டுரையில் அவர் தந்த விடை இது: கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் முனையில் விசை குவிகிறது, விரிசல் ஓர் அடி முன்னேறும்போது விடுபடும் ஆற்றல், புதிய பரப்பை உண்டாக்கச் செலவாகும் ஆற்றலைவிட மிகுமானால், விரிசல் தானே ஓடும். 1957-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் இர்வின் இதை உலோகங்களுக்கும் பொருந்துமாறு விரித்தார். விரிசலின் நீளம் நான்கு மடங்கானால் அதன் முனையில் உள்ள கடுமை இரண்டு மடங்காகும். நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி அது ஏறுகிறது.

ஆனால் நம் குழாய் கண்ணாடி அன்று. அது வளைந்து கொடுக்கும், நெகிழும். விரிசலின் முனையில் உலோகம் இளகி, கூர்மை மழுங்கிவிடுகிறது. ஆதலால் இங்கே வேறொரு காட்சி நிகழ்கிறது. குழாயில் நெடுக ஒரு பிளவு இருப்பதாகக் கொள்ளுங்கள். உள்ளழுத்தம் பிளவின் இரண்டு உதடுகளையும் வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அவ்விடம் வாய் திறந்து புடைக்கிறது. பிளவு நீள நீளப் புடைப்பும் மிகும். ஒரு நிலையில் உதடுகள் கிழிந்து மீன்வாய்போல் பிளந்துவிடும். பல குழாய்களை வெடிக்க வைத்து அளந்து பார்த்து இதற்கென ஒரு வாய்பாடு வகுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன அளவுள்ள குழாய்க்கு அதைக்கொண்டு கணக்கிட்டால், சுவரை முற்றிலும் ஊடுருவிய பிளவு ஐந்து சென்டிமீட்டர் நீளம் வரை இருப்பினும் அன்றாட அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் விபத்து ஒன்று நேர்ந்து வெளிப்புற நீராவி வெளியேறிவிட்டால், வேறுபாடு 95-இலிருந்து 175 வரை உயரக்கூடும். அப்போது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் தாங்காது. அன்றாட அழுத்தத்தின் மும்மடங்கைத் தாங்கவேண்டும் என்பது அமெரிக்காவில் கைக்கொண்டுள்ள விதி. அந்தக் கட்டளைக்கல்லில் உரைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் பிளவே எல்லை.

இந்த இலக்கங்களில் ஓர் ஆறுதல் மறைந்திருக்கிறது. ஊடுருவிய பிளவு ஒன்றரை சென்டிமீட்டரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராக வளரும் வரை குழாய் கசியும், ஆனால் வெடிக்காது. கசிவைக் கண்டுபிடித்தால் வெடிப்பைத் தவிர்க்கலாம். மிதிவண்டி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி பார்ப்பதுபோல் இங்கே பார்க்க இயலாது. ஆயினும் இயற்கையே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. உலையின் நடுவே செல்லும் நீரிலுள்ள ஆக்சிஜனில் சிறு பகுதி, நியூட்ரான் தாக்குதலால் நைட்ரஜன் 16 என்னும் ஐசோடோப்பாக மாறுகிறது. அதன் அரை ஆயுள் ஏழே வினாடி. வாழ்நாள் குறைந்த அப்பொருள் நீராவிக் குழாயருகே தென்பட்டால், முதற்சுற்று நீர் இப்போது, இந்த நொடியில், கசிகிறது என்று பொருள். நாளொன்றுக்குச் சில லிட்டர் கசிவையும் இவ்வகை உணர்கருவிகள் காட்டிவிடும். அமெரிக்க நிலையங்களில் ஓர் ஆக்கிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 570 லிட்டர் என்னும் கசிவு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் உலையை நிறுத்தவேண்டும். இந்தியன் பாயின்டில் அத்தனை நீரும் ஒரு நாளில் அன்று, ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் போயிற்று. அதற்கு முந்திய மாதங்களில் அங்கே சிறு கசிவு இருந்ததும் தெரிந்தே இருந்தது. ஆனால் அது வரம்புக்கு மிக மிகக் கீழே இருந்தது. கசிவை நம்பியிருப்பவன் பாதித் துணையையே பெற்றிருக்கிறான்.

இனி, நல்ல உலோகத்தில் விரிசல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். இதற்கு ஒரு பழைய இந்தியக் கதை உண்டு. பிரிட்டிஷ் படையினர் இந்நாட்டில் இருந்த காலத்தில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் துப்பாக்கித் தோட்டாக்களை அடுக்கி வைப்பார்கள். தோட்டாவின் கூடு பித்தளை. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாக்களின் கூடுகளில் விரிசல்கள் காணப்பட்டன. பருவத்தை ஒட்டி வந்தமையால் பருவ விரிசல் என்றே பெயரிட்டார்கள். 1921-இல்தான் இங்கிலாந்தில் ஆராய்ந்து காரணம் கண்டார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஒன்று. பித்தளையை அழுத்தி உருவாக்கியபோது அதனுள்ளே தங்கிவிட்ட இழுவிசை மற்றொன்று. தனித்தனியே இரண்டும் அத்தனை தீங்கு செய்வதில்லை. கூடினால் உலோகம் பிளக்கிறது. அரிப்பும் இழுவிசையும் கைகோத்து உண்டாக்கும் இந்நோயை இன்று தகைவரிப்பு விரிசல் என்கிறோம்.

நீராவி ஆக்கிக்கு நிக்கல் கலவையைத் தேர்ந்ததே அது குளோரைடு கலந்த நீரில் எஃகைப்போல் விரிசலுறாது என்பதற்காக. ஆனால் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் ஆன்றி கொரியு 1959-இலேயே, 350 பாகை வெப்பமுள்ள தூய நீரில் அக்கலவை விரிசலுறுகிறது என்று அறிவித்தார். தூய நீர்! அம்மோனியாவும் இல்லை, உப்பும் இல்லை. பலர் நம்பவில்லை, சோதனையில் ஏதோ மாசு கலந்திருக்கும் என்றார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஓடும் நிலையங்களிலேயே அது நிகழ்ந்தபோது வாதம் ஓய்ந்தது. எச்சரித்த ஆய்வு கையிலிருக்க, நூற்றுக்கணக்கான ஆக்கிகளை அதே கலவையில் செய்து முடித்ததை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. குழாயைக் குறுகிய வளைவாக வளைக்கும்போது உள்ளே தங்கும் இழுவிசை, பித்தளைத் தோட்டாவில் தங்கியதற்கு ஒப்பானது. எனவே மிகக் குறுகிய வளைவுகளைக் கொண்ட உட்புற வரிசைகளின் உச்சியே விரிசலுக்கு உகந்த இடமாயிற்று. இந்தியன் பாயின்டில் பிளந்ததும் இரண்டாம் வரிசைக் குழாயே.

இப்போது முன்னுரைக்கும் கலைக்கு வருவோம். நம் பஞ்சாங்கத்தில் இரண்டு வகை முன்னறிவிப்புகள் உண்டு. கிரகணம் பிடிக்கும் நேரத்தை நாழிகை வினாடியோடு சொல்லும். அது அவ்வாறே நிகழும். இவ்வாண்டு மழை எத்தனை மரக்கால் என்றும் சொல்லும். அதை யாரும் நம்பி விதைப்பதில்லை. விரிசலின் முன்னறிவிப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. குழாய் எவ்வளவு பெரிய விரிசலைத் தாங்கும்? இப்போது விரிசல் எவ்வளவு? அடுத்த சோதனைக்குள் அது எவ்வளவு வளரும்? முதற்கேள்விக்கு விடை கிரகணக் கணக்குப்போல் உறுதியானது, மேலே பார்த்தோம். மற்ற இரண்டும் மழைக் கணக்கைச் சேர்ந்தவை.

விரிசலின் அளவை அறியக் கையாளும் முறை சுழல் மின்னோட்டச் சோதனை. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை ஃபாரடே 1831-இல் கண்டார், நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஒரு சிறு கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் செலுத்தி, அதைக் குழாயினுள்ளே விட்டு இழுத்துவருகிறார்கள். சுருளைச் சூழ்ந்த குழாய்ச் சுவரில் வட்டமாக மின்னோட்டம் சுழல்கிறது. நெடுக்கான விரிசல் குறுக்கிட்டால் அவ்வோட்டம் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதன் விளைவு சுருளில் எதிரொலித்து ஏட்டில் பதிவாகிறது. வாய்க்கால் நீரில் குறுக்கே கிடக்கும் கட்டை ஓட்டத்தைத் தடுப்பதும், ஓட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் கட்டை தடுக்காததும் நாம் அறிந்தவையே. அதுபோலவே வட்டமாகச் சுழலும் மின்னோட்டத்துக்கு, வட்டவாட்டில் அமைந்த விரிசல் தெரிவதில்லை. அதற்கென்று சுழன்று செல்லும் வேறு வகைச் சுருள்கள் வேண்டும். அவை மெதுவாகச் செல்பவை. பதின்மூவாயிரம் குழாய்களுக்கும் முழு நீளம் அவற்றைச் செலுத்த நாள் போதாது. எனவே ஐயத்துக்குரிய இடங்களைத் தேர்ந்தே செலுத்துகிறார்கள்.

பதிவாவது விரிசல் மட்டுமன்று. குழாயைத் தாங்கும் தட்டுகள் ஒரு குறி தரும். மேலே படிந்த செம்பு ஒரு குறி தரும். வளைவின் நீள்வட்டச் சிதைவு ஒரு குறி தரும். மழைநாளில் மின்னல் வெட்டும்பொழுது வானொலியில் கேட்கும் கரகரப்பை நேயர்கள் அறிவீர்கள். அந்தக் கரகரப்புக்கு நடுவே வீணையின் மெல்லிய நாதத்தைப் பிரித்துணர்வது எத்தன்மையதோ, அத்தன்மையது இப்பதிவுகளில் விரிசலைப் பிரித்துணர்வது.

விரிசலைக் கண்டபின் என்ன செய்வது? குழாயின் இரு முனைகளையும் உலோக முளைகொண்டு அடைத்துவிடுவார்கள். அக்குழாய் அன்றோடு ஓய்வு பெறும். எல்லாவற்றையும் அடைத்துவிடலாமே எனில், அடைத்தது மிகுந்தால் வெப்பம் கைமாறும் பரப்புக் குறைந்து மின் உற்பத்தி குன்றும். ஆகவே எதை அடைப்பது, எதை விடுவது என்பதற்கு ஒரு கோடு தேவை. சுவரில் நூற்றுக்கு நாற்பது பங்கு தேய்ந்தால் அடை என்பது அமெரிக்காவின் நெடுநாள் விதி. அந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்பதை நாமே கணக்கிட்டு உணரலாம். மும்மடங்கு அழுத்தம் 285. பழுதற்ற குழாய் தாங்குவது 650. வகுத்தால், சுவரில் ஏறக்குறைய 43 அல்லது 44 பங்கு எஞ்சியிருக்கவேண்டும். அதாவது 56 பங்கு வரை இழக்கலாம். பின் ஏன் 56 என்று வைக்காமல் 40 என்று வைத்தார்கள்? கருவி 40 என்று காட்டும்போது உண்மையில் 48 இருக்கக்கூடும். அடுத்த சோதனைக்குள் மேலும் சில பங்கு தேயவும் கூடும். இடையிலுள்ள அந்தப் பதினாறு பங்கே அறியாமைக்கு ஒதுக்கிய இடம். பொறியியலின் நேர்மை முழுவதும் அந்தப் பதினாறில் இருக்கிறது என்பேன்.

சீராகத் தேய்ந்த சுவருக்கே இவ்விதி நன்கு பொருந்தும். தகைவரிப்பு விரிசலோ மயிரிழை போன்றது. அதன் ஆழத்தைக் கருவி நம்பத்தக்கபடி அளப்பதில்லை. எனவே அத்தகைய விரிசல் கண்டவுடனேயே அடைத்துவிடுவது வழக்கமாயிற்று. இங்கேதான் ஒரு நுட்பம் தோன்றுகிறது. கண்ட விரிசல்களையெல்லாம் அடைத்துவிட்டால், நாளை வெடிக்கப்போவது எது? இன்று காணாமல் விட்டது! ஆகவே முன்னுரைப்பவர் கணக்கிடவேண்டியது கையில் அகப்பட்ட விரிசலை அன்று. அகப்படாமல் நழுவிய விரிசலை. எவ்வளவு பெரிய விரிசல் வரை நம் கண்ணுக்குத் தப்பக்கூடும் என்பதை முதலில் அறியவேண்டும். இதற்காக, விரிசலின் அளவு முன்னரே தெரிந்த குழாய்களைச் சோதகர்களிடம் தந்து, நூற்றுக்கு எத்தனை கண்டுபிடிக்கிறார்கள் என்று தேர்வு வைக்கிறார்கள். சோதிப்போருக்கும் சோதனை!

வளர்ச்சியின் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. சராசரி வளர்ச்சி வேகத்தை எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். வகுப்பின் சராசரி மதிப்பெண் அறுபது என்று மகிழும் ஆசிரியர், இருபது வாங்கிய பையனின் தந்தைக்கு என்ன விடை சொல்வார்? பதின்மூவாயிரம் குழாய்களில் உடையப்போவது சராசரிக் குழாய் அன்று. எல்லாவற்றிலும் கெட்ட குழாய். விரிசல் பெரிதாக இருந்து, உலோகம் சற்று மெலிந்திருந்து, வளர்ச்சியும் விரைந்திருக்கும் ஒன்று. இம்மூன்றும் ஒரே குழாயில் கூடும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணிப்பொறி கொண்டு பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தாயக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரு நீளம், ஒரு வலிமை, ஒரு வளர்ச்சி வேகம் எடுத்து, அக்குழாய் மும்மடங்கு அழுத்தத்தைத் தாங்குமா என்று கேட்கிறது கணிப்பொறி. பல்லாயிரம் முறை உருட்டி, எத்தனை முறை தோற்றது என்று எண்ணுகிறது. உலாம், வான் நாய்மன் என்னும் இரு கணித மேதைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அணு ஆராய்ச்சிக்காக வகுத்த இம்முறைக்கு, சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோ நகரின் பெயரையே வைத்தார்கள்.

சொன்ன முன்னறிவிப்புச் சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. அடுத்த முறை உலை நின்றதும், முன்பு கணக்கிட்டதையும் இப்போது கண்டதையும் ஒப்பிடவேண்டும். ஐயத்துக்குரிய குழாயை இருந்த இடத்திலேயே வைத்து நீரழுத்தம் ஏற்றி, மும்மடங்கைத் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். எதிர்பார்த்ததைவிடப் பெரிய விரிசல் அகப்பட்டால் கணக்கிலே கோளாறு. ஆண்டுத் தேர்வு விடைத்தாளைத் திருத்தாமல் மாணவனை அடுத்த வகுப்புக்கு அனுப்பக்கூடாது அன்றோ?

இத்தனையும் அறிந்த நிலையில் இந்தியன் பாயின்டுக்குத் திரும்பிச் செல்வோம். குழாய் பிளந்த பிறகு 1997-ஆம் ஆண்டுப் பதிவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். பிளந்த குழாயின் பதிவில், கரகரப்புக்கு நடுவே, விரிசலின் குறி இருந்தது. அன்று பார்த்தவர்களின் கண்ணுக்கு அது தெரியவில்லை. பதிவின் தரம் குன்றியிருந்ததைப் பொருட்படுத்தாமல் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதே 1997-ஆம் ஆண்டுச் சோதனையில் அதே இரண்டாம் வரிசையில் வேறொரு குழாயின் உச்சி வளைவில், அதே வகை விரிசல் ஒன்றை முதன்முறையாகக் கண்டுபிடித்து அடைத்திருந்தார்கள். அந்நிலையத்தில் அவ்விடத்தில் அதற்கு முன் காணாத நோய் அது. அக்குழாயை அடைத்ததோடு நின்றுவிட்டார்கள். அதன் அண்டை அயல் குழாய்களை இன்னும் கூரிய கருவிகொண்டு மறுமுறை பார்க்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால், அப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாளாவிருக்கும் தலைமையாசிரியர் உண்டோ? இடையில் உலை பல மாதங்கள் ஓடாமல் கிடந்ததைக் காட்டி, அடுத்த சோதனையைத் தள்ளிப்போட 1999-இல் அனுமதியும் பெற்றிருந்தார்கள். வெடிக்கும் அழுத்தத்துக்கான வாய்பாட்டில் பிழை எதுவும் இல்லை. வாய்பாட்டில் இடவேண்டிய இலக்கம்தான் கையில் இல்லை.

அமெரிக்க அணு ஒழுங்குமுறைக் குழு, தன் நான்கு வண்ண மதிப்பீட்டில் மிகக் கடுமையான சிவப்பை அந்நிலையத்துக்குத் தந்தது. நான்கு ஆக்கிகளையும் மாற்றினார்கள். புதிய ஆக்கிகள் பல ஆண்டுகளாக அந்நிலையத்தின் கிடங்கிலேயே காத்துக் கிடந்தன என்பதையும் சொல்லிவிடவேண்டும். அவ்வுலை 2020 ஏப்ரல் 30-ஆம் நாள் வரை ஓடி நிரந்தரமாக நின்றது.

ஜப்பானின் மிஹாமாவில் 1991 பிப்ரவரி 9-ஆம் நாள் அறுந்த குழாய் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே அரிப்பு இல்லை. குழாய் அதிராமல் பிடித்துக்கொள்ளும் தண்டுகள் உரிய ஆழம் வரை செருகப்படாமல் இருந்தன. நீராவியின் ஓட்டத்தில் குழாய் நடுங்கி, களைத்து, வட்டவாட்டில் முற்றிலும் அறுந்தது. இவ்வகை விரிசல் தொடங்கிவிட்டால் விரைந்து முடிந்துவிடும். கசிவு காட்டும் அவகாசம் மிகக் குறுகியது. இதற்கு முன்னறிவிப்பு என்பது விரிசலை அளப்பதில் இல்லை. தண்டு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில் இருக்கிறது.

பழைய கலவையை விடுத்து, குரோமியத்தை நூற்றுக்கு முப்பது பங்கு வரை உயர்த்திய புதிய நிக்கல் கலவையை இப்போது கையாள்கிறார்கள். ஓடும் ஆக்கிகளின் குழாய்களில் அது தகைவரிப்பை நன்கு எதிர்த்து நிற்கிறது. ஆனால் கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே நிலையத்தில், அப்புதிய கலவையால் செய்த ஆக்கிகளைப் பொருத்தி ஓராண்டும் நிறைவதற்கு முன்பே, 2012 ஜனவரி 31-ஆம் நாள் மூன்றாம் உலையின் குழாய் ஒன்று கசிந்தது. திறந்து பார்த்தபோது விரிசல் நோய் எங்கும் காணப்படவில்லை. நீராவியின் வேகத்தில் குழாய்கள் ஆடி, ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்திருந்தன. அவ்வாறு குழாயும் குழாயும் மோதும் என்பதை வடிவமைத்தவர்களின் கணக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே அழுத்தம் ஏற்றிச் சோதித்ததில் எட்டுக் குழாய்கள் தோற்றன. 2013 ஜூன் மாதத்தில் அந்நிலையத்தின் இரண்டாம், மூன்றாம் உலைகள் இரண்டையும் இனி இயக்குவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.